'வேண்டாம்' என்கிற கட்டம்

ஜனவரி 12

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். சுகமாக இருக்கிறாயா? இருமல் விட்டதா? எனக்கு 'நலம்' என்று எழுதக் கை வரவில்லை. நலமறிய ஆவலை மட்டும் வைத்துக்கொள்.

போன் செய்தால் "அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிடுகிறேன் என்று உனக்குக் கோபம். இது இரண்டு அறை வீடு. எந்த மூலைக்குப் போய் நின்று பேசினாலும் உன் அத்தான் காதில் விழும். பக்கவாதத்தில் போனது வாயும் வலது பக்கமும்தான். காது பாம்புக் காது. "நேத்து தூங்கல, இன்னைக்குச் சாப்பிடல" என்று அவர் எதிரிலேயே அவரை மூன்றாம் மனிதரைப் போலச் சொன்னால் கண்ணை மூடிக்கொள்கிறார். அது எனக்குத் தாங்கவில்லை. இனிமேல் இப்படிக் கம்ப்யூட்டரில் எழுதி அனுப்புகிறேன். நான் தட்டுவது அவருக்குக் கேட்கும், என்ன தட்டுகிறேன் என்று கேட்காது அல்லவா?

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். அந்த ஒரு வாயை வைத்து ஏலக்கூடத்தில் கால் உடைந்த நாற்காலியைக்கூட விற்ற மனுஷன். இப்போது அவர் தலையாட்டுவதைக்கூட நம்ப முடியவில்லை. தண்ணீர் வேண்டுமா என்றால் ஆட்டுகிறார், கொண்டுவந்தால் தட்டிவிடுகிறார். பேச்சுப் பயிற்சி கொடுக்கிற அம்மா சொன்னார்: "உள்ள எல்லாம் தெளிவாத்தான் இருக்குங்க. வெளிய வர்ற வழியில ஆமாவும் இல்லையும் இடம் மாறிடுது. தலையாட்டலை நம்பாதீங்க. படத்தை நம்புங்க."

படம் வரைந்த அட்டையை மடியில் வைத்துப் பார்த்தேன். இடது கை நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் விரல்களைத் தனித்தனியாக நீட்ட வரவில்லை. முழுக் கையையும் அட்டைமேல் போட்டால் எந்தப் படம் என்று நான் ஜோசியம் பார்க்க வேண்டியிருக்கிறது. ஆஸ்பத்திரிக் கம்ப்யூட்டரில் மவுஸைக் கொடுத்தார்கள். உள்ளங்கையால் நகர்த்தி, சரியான படத்தில் போய் நிறுத்திவிட்டார்! ஆனால் படங்களைத் திரையில் காட்டுகிற அந்த மென்பொருளை வாங்க நமக்குக் கட்டுப்படியாகாது. நீதான் நாள் முழுக்கப் பிரவுசரில் தெரிகிற பக்கங்களைச் செய்கிறாயே. உன் அத்தானுக்கு ஒரு பக்கம் செய்து தருவாயா?

அன்புடன்,
அக்கா

*

ஜனவரி 15

அக்காவுக்கு,

இருமல் போய்விட்டது, சளி இருக்கிறது. நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்பதை முதலில் எழுது.

பக்கத்தைச் செய்து வலையில் ஏற்றிவிட்டேன். முகவரி கீழே இருக்கிறது. எட்டுக் கட்டங்கள்: தண்ணீர், வலி, கழிப்பறை, தூக்கம், ஜன்னல், அக்கா, ஆமாம், வேண்டாம். கட்டத்தின் மேல் வைத்து இடது பொத்தானைத் தட்டினால் மணி அடித்து மஞ்சளாக எரியும். நீ அடுப்படியிலிருந்து வரும்வரை எரிந்துகொண்டே இருக்கும். தப்பான கட்டத்தைத் தட்டிவிட்டால் அதையே இன்னொரு தடவை தட்டச் சொல், அணைந்துவிடும். மனுஷனுக்குத் தப்பைத் திருத்திக்கொள்ள வழி வேண்டும் இல்லையா?

இங்கே மேசை நாற்காலி விற்கிற கம்பெனிக்குப் பக்கம் செய்கிறேன். படத்தைத் தட்டினால் நாற்காலி சுற்றும். அத்தான் பார்த்தால் சிரிப்பார். "சுத்தி என்னடா ஆகப்போவுது, உக்காந்தா தாங்குமான்னு கேளு" என்பார். உங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் கடைசித் துண்டு ரொட்டியை ஏலம் விடுவாரே, நினைவிருக்கிறதா? "ஒரு தரம்... ரெண்டு தரம்..." என்று ஒவ்வொரு தரத்துக்கும் கரண்டியால் மேசையைத் தட்டி, என் முகத்தையே பார்ப்பார். நான் யோசிப்பதற்குள் மூணாவது தரமும் கரண்டி மேசையில் விழும், ரொட்டி உன் தட்டில் விழும். அப்புறம் அழுதாலும் கிடையாது. "விழுந்தது விழுந்ததுதான், மாப்ள."

புது வேலை என்பதால் விடுப்பு கேட்க முடியவில்லை. கேட்டேன், முறைத்தார்கள்.

அத்தானின் நலம் விசாரித்ததாகச் சொல்.

உன் தம்பி

*

ஜனவரி 19

தம்பிக்கு,

சளிக்கு ஆவி பிடி. நான் சாப்பிடுகிறேன்.

பக்கம் திறந்தது. படங்கள் அழகு. ஆனால் தட்டினால் ஒன்றுமே ஆகவில்லையே! நானும் தட்டினேன், அவரும் தட்டினார். மணியும் இல்லை, மஞ்சளும் இல்லை. அவர் பாவம், உலகத்தில் யாரும் தனக்குப் பதில் சொல்லவில்லை என்கிற மாதிரி மவுஸைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எங்களிடம் இருப்பது உனக்குத் தெரிந்த அதே கிழட்டுக் கம்ப்யூட்டர்தான். ஏலக்கூடத்தில் மூன்று வாரம் வைத்தும் ஒருவரும் கேட்காததால் இவரே எடுத்து வந்தாரே, அது. புதுப் பிரவுசர் எதுவும் அதில் ஏற மாட்டேன் என்கிறது. பக்கத்து வீட்டுப் பையனும் முயன்று பார்த்துவிட்டான்.

உன்னைத் தொந்தரவு செய்கிறேன். உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா

*

ஜனவரி 20

அக்காவுக்கு,

ஆவி பிடித்தேன், மூக்கு திறந்தது. அத்தானுக்குத் தூக்கம் எப்படி?

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நானும் முதலில் உங்கள் கம்ப்யூட்டரைத்தான் திட்டினேன். கோணல் என்னிடம்தான். மவுஸில் எந்தப் பொத்தான் அழுந்தியது என்று பிரவுசர் ஒரு எண்ணைச் சொல்லும். இடது பொத்தானுக்கு என் பிரவுசர் சொல்வது பூஜ்யம். உங்கள் பழையது சொல்வது ஒன்று. பக்கத்தை இயக்குகிற ஜாவாஸ்கிரிப்டில் நான் "பூஜ்யமா?" என்று கேட்டு வைத்திருந்தேன், அது "இல்லை" என்று சொல்லிவிட்டு அது பாட்டுக்கு இருந்தது. போதாததற்கு, 'என்ன நடந்தது' என்கிற தகவலைப் புதியது கையில் கொண்டுவந்து கொடுக்கும், பழையது ஒரு இடத்தில் வைத்துவிட்டுப் போகும், நாம்தான் போய் எடுத்துக்கொள்ள வேண்டும். ஒரே விரல், ஒரே தட்டு, ஆளுக்கொரு மாதிரி சாட்சி.

இரண்டையும் கேட்கிற மாதிரி மாற்றிவிட்டேன். இன்னொரு தடவை பாரேன்.

தம்பி

*

பிப்ரவரி 6

அன்புத் தம்பிக்கு,

சௌக்கியமா? இன்று 'நலம்' என்று எழுதுகிறேன் பார்.

எரிகிறது! மாற்றி அனுப்பிய அன்றே எரிந்தது. உடனே எழுதாததற்குக் கோபிக்காதே, மணி அடித்தபடியே இருந்ததால் எனக்கு ஓடவே நேரம் சரியாக இருந்தது. முதலில் கேட்டது தண்ணீர். கொண்டு வந்தேன். தட்டிவிடவில்லை. இடது கையால் தானே டம்ளரைப் பிடித்துக் குடித்தார், ஒரு சொட்டு சிந்தவில்லை. நான் சுவர்ப் பக்கம் திரும்பி அழுதேன். அப்புறம் 'ஜன்னல்'. திறந்தேன். அப்புறம் 'அக்கா'. "என்ன வேணும்?" என்று போய் நின்றால் ஒன்றும் இல்லை, சும்மா. கூப்பிட்டுப் பார்த்திருக்கிறார். என்னைக் கூப்பிட்டே எத்தனை காலம் ஆயிற்று!

ஒரு வேடிக்கை. மவுஸைப் பிடித்துக் கட்டத்தைத் தட்டியதும் அவர் திரையைப் பார்ப்பதில்லை. நிமிர்ந்து என் முகத்தைத்தான் பார்க்கிறார், ஏலக்கூடத்தில் ஆட்களைப் பார்க்கிற மாதிரியே.

இன்னொரு விஷயம். பெரிய டாக்டர் கூப்பிட்டுப் பேசினார். தலையில் ஒரு ஆபரேஷன் செய்யலாமாம். பேச்சு ஓரளவு திரும்ப வாய்ப்பு இருக்கிறதாம். ஆனால் இப்போது நன்றாக இருக்கிற இடது கையும் போய்விடலாமாம். இரண்டில் எது நடக்கும் என்று அவரால் சொல்ல முடியாதாம். "அவருக்கு நல்லாப் புரியுது. அவர் வேண்டாம்னு தெளிவாச் சொல்லிட்டா நாங்க தொட மாட்டோம். தெளிவா எதுவும் சொல்லலைன்னா நீங்க கையெழுத்துப் போடலாம்" என்றார்.

தம்பி, எனக்கு அவர் குரல் வேண்டும். திட்டினாலும் பரவாயில்லை.

அக்கா

*

பிப்ரவரி 9

அக்காவுக்கு,

நலமே. உன் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அலுவலகத்தில் என் தலைக்கு மேல் இருக்கிற ஏசி சொட்டும், அதற்குக் கீழே ஒரு காப்பிக் கோப்பை வைத்திருப்பேன். படித்துக்கொண்டே அந்தத் தண்ணீரைக் குடித்துவிட்டேன்.

ஆபரேஷன் பற்றி நான் என்ன சொல்ல? உனக்கு அவர் குரல் வேண்டும், எனக்கும் வேண்டும். ஆனால் பேசியே வாழ்ந்தவர் இப்போது வாழ்வது அந்த ஒற்றைக் கையில். நாம் யார் முடிவு செய்ய? அவரையே கேள். அதற்குத்தானே ஆமாம், வேண்டாம் என்று இரண்டு கட்டம் வைத்தேன். நிதானமாக உட்கார்ந்து, டாக்டர் சொன்னதை ஒன்று விடாமல் சொல்லிவிட்டுக் கேள்.

என்ன சொன்னார் என்று எழுது. நீயும் தூங்கு.

தம்பி

*

பிப்ரவரி 24

தம்பிக்கு,

நலமா? எனக்கு மண்டை வெடிக்கிறது.

கேட்டேன். அம்புக்குறி 'வேண்டாம்' பக்கம் போயிற்று. எரிந்தது. பிறகு அணைந்துவிட்டது. மறுநாள் கேட்டேன். எரிந்தது, அணைந்தது. வேறு வேறு நேரத்தில் கேட்டேன், அதேதான். தப்பாகத் தட்டிவிட்டால் மறுபடி தட்டினால் அணையும் என்று நீதானே எழுதினாய்? ஆகவே 'வேண்டாம்' என்று சொல்லிவிட்டு வாபஸ் வாங்கிக்கொள்கிறார் என்றுதானே அர்த்தம்? 'ஆமாம்' பக்கமும் போகவில்லை. மதில்மேல் பூனையாக இருக்கிறார் என்று நினைத்தேன்.

நேற்று ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி அம்மா உன் பக்கத்தை அவர்களுடைய புதுக் கம்ப்யூட்டரில் திறந்து, அதே கேள்வியைக் கேட்டார். 'வேண்டாம்' எரிந்தது, அணையவே இல்லை. இரண்டாம் தடவை கேட்டபோதும் எரிந்தபடியே இருந்தது. "தெளிவா வேண்டாங்கறார்மா" என்கிறார் அவர். வீட்டில் அணைகிறதே என்றேன். "அப்ப எது சரின்னு பாத்துட்டு வாங்க. டாக்டர் கேப்பார்" என்றார்.

தண்ணீர், ஜன்னல், வலி எல்லாம் வீட்டில் ஒழுங்காகத்தான் எரிகின்றன. இந்தக் கேள்விக்கு மட்டும்தான் இப்படி. ஒரே மனுஷன், ஒரே பக்கம். அங்கே ஒன்று சொல்கிறது, இங்கே ஒன்று சொல்கிறது. எது உன் அத்தான் சொல்வது? சீக்கிரம் சொல்.

அக்கா

*

பிப்ரவரி 25

அக்காவுக்கு,

பதறாதே. மருந்து போட்டுக்கொண்டு படு.

உன் கடிதம் வந்ததிலிருந்து வேறு வேலை பார்க்கவில்லை. இங்கே என்னிடம் இருக்கிற பிரவுசர்கள் எல்லாவற்றிலும் 'வேண்டாம்' கட்டத்தைத் தட்டிப் பார்த்தேன். தட்டினால் எரிகிறது, மறுபடி தட்டினால் அணைகிறது. எங்குமே பிசகு இல்லை. உங்கள் கிழட்டுப் பிரவுசர் இங்கே யாரிடமும் இல்லை. கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி இருக்கிறது.

ஒன்று மட்டும் பார்த்து எழுது. இந்தக் கேள்விக்கு அத்தான் எப்படித் தட்டுகிறார்? தண்ணீருக்குத் தட்டுகிற மாதிரியே ஒரு தட்டா? அழுத்திப் பிடித்திருக்கிறாரா? பல தடவை தட்டுகிறாரா? கையை மட்டும் பார், கட்டத்தைப் பார்க்காதே. அது தெரிந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

நான் சொல்லும்வரை எதிலும் கையெழுத்துப் போடாதே.

தம்பி

*

மார்ச் 3

அன்புத் தம்பிக்கு,

நலம். உன் நலம் எழுது. மழை விட்டு இங்கே இரண்டு நாளாக நல்ல வெயில். துணியெல்லாம் காய்ந்துவிட்டது. மாடிப்படி விளக்கை மாற்றிவிட்டார்கள்.

உன் அத்தானை ஏலக்கூடத்து முதலாளி வந்து பார்த்தார். புதிதாக ஒருவரை வைத்திருக்கிறாராம். "வாயே தொறக்க மாட்டேங்கறான்மா. விலை சொல்றதே தூக்கத்துல சொல்ற மாதிரி இருக்கு. உங்க வீட்டுக்காரர் சுத்தியலை எடுத்தாலே கூடம் அடங்கிடும்" என்றார். இவர் கேட்டுக்கொண்டே இருந்தார். போன பிறகு 'ஜன்னல்' எரிந்தது. சாத்தினேன்.

பழைய போனில் அவர் குரல் பதிவாகியிருக்குமோ என்று அலமாரியெல்லாம் தேடினேன். ஒன்றும் இல்லை. இருபத்திரண்டு வருஷம் நிறுத்தாமல் பேசிய மனுஷனின் ஒரு வார்த்தையைக்கூட நான் எடுத்து வைக்கவில்லை. எப்போதும் இருக்கும் என்று நினைத்தேன். ஊமை கண்ட கனவு என்று சொல்வார்களே, அதை இனி என் வாயால் சொல்ல மாட்டேன்.

தட்டுவதைப் பற்றிக் கேட்டிருந்தாய். எல்லாரும் தட்டுகிற மாதிரிதான். கை கொஞ்சம் நடுங்குகிறது என்று நினைக்கிறேன்.

டாக்டர் அவசரப்படுத்துகிறார். நாளாக ஆக வாய்ப்பு குறையுமாம்.

அக்கா

*

மார்ச் 5

அக்காவுக்கு,

நலம். குரல் பதிவு என்னிடமும் இல்லை, தேடிவிட்டேன். என் கல்யாண வீடியோவில் இருப்பார் என்று பார்த்தால், அவர் வாய் அசைகிறது, மேலே மேளம் கேட்கிறது.

கை நடுங்குகிறது என்று எழுதியிருக்கிறாய். அப்படியானால் ஒரு வழி தெரிகிறது. நடுங்குகிற விரல் ஒன்றுக்கு இரண்டாக, மூன்றாகத் தட்டிவிடும். ஆஸ்பத்திரிக் கம்ப்யூட்டர் வேகமானது, ஒவ்வொரு நடுக்கத்தையும் ஒரு தட்டாக எடுத்துக்கொள்ளும். அவர் அணைக்க நினைத்த கட்டம் அங்கே நடுக்கத்தால் மறுபடி எரிந்திருக்கும். உங்கள் பழையது மெதுவானது, அவ்வளவு நுணுக்கமாகப் பிடிக்காது. அப்படிப் பார்த்தால் வீட்டில் தெரிவதே சரியாக இருக்கலாம்.

ஆனால் இது ஊகம்தான். ஒரு பழைய கம்ப்யூட்டருக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். கிடைத்ததும் பார்த்துவிட்டு முடிவாக எழுதுகிறேன். எந்தத் தேதிக்குள் சொல்ல வேண்டும் என்று எழுது.

அத்தான் எப்படி இருக்கிறார்? நீ?

தம்பி

*

மார்ச் 21

அக்கா,

நலமா என்று கேட்கக்கூடப் பொறுமை இல்லை. உன்னிடமிருந்து பதிலே வரவில்லை. போன் அடித்தால் எடுக்கவில்லை. முதலில் சொல்ல வேண்டியதை முதலில் சொல்கிறேன்: கையெழுத்துப் போடாதே. அத்தான் வேண்டாம் என்றுதான் சொல்கிறார்.

இன்று காலையில் எங்கள் கணக்குப் பிரிவின் சாமான் அறையிலிருந்து ஒரு பழைய கம்ப்யூட்டர் கிடைத்தது. உங்கள் வீட்டுப் பிரவுசரேதான். துடைத்து வைத்துக்கொண்டு 'வேண்டாம்' கட்டத்தைத் தட்டினேன். ஒரு தட்டு, எரிந்தது. கொஞ்சம் விட்டு இன்னொரு தட்டு, அணைந்தது. ஒன்றும் தப்பில்லை. நடுங்குகிற மாதிரித் தட்டினேன். அது ஒரு தடவை எரிந்து நிற்கிறது, ஒரு தடவை அணைகிறது, கணக்குக்கே வரவில்லை. வெறுத்துப்போய்ச் சும்மா டக், டக், டக் என்று தட்டிக்கொண்டிருந்தேன். பக்கத்து நாற்காலிக்காரன் திரும்பி, "என்னடா, ஏலமா விடற?" என்றான்.

அக்கா, அத்தானின் கரண்டிதான் நினைவுக்கு வந்தது.

நிறுத்தி, அவர் மாதிரியே எண்ணி, அடுத்தடுத்து மூன்று தட்டு தட்டினேன். ஒரு தரம், எரிந்தது. ரெண்டு தரம், எரிந்தபடியே இருந்தது. மூணு தரம், அணைந்துவிட்டது. எத்தனை தடவை செய்தாலும் அதேதான். என் புதுக் கம்ப்யூட்டரில் அதே மூன்று தட்டு: எரிந்து, அணைந்து, எரிந்து நின்றது. ஆஸ்பத்திரியில் நின்ற மாதிரியே.

காரணம் இதுதான். அடுத்தடுத்து இரண்டு தட்டு விழுந்தால் பழைய பிரவுசர் இரண்டாவதை 'கிளிக்' என்று சொல்லாது. 'இரட்டை கிளிக்' என்று வேறு பெயரில் சொல்லிவிட்டுப் போய்விடும். அந்தப் பெயரை நான் கேட்கவே இல்லை. புதியது இரண்டாவதையும் 'கிளிக்' என்றே சொல்லும், கூடவே இரட்டை என்றும் சொல்லும். ஆகவே மூன்று தட்டு அங்கே மூன்று, உங்கள் வீட்டில் இரண்டு. இரண்டு என்றால் அணைந்துதான் போகும். நடுக்கமும் இல்லை, வேகமும் இல்லை. நான் எழுதியது வெறும் உளறல்.

தண்ணீருக்கு ஒரு தட்டுப் போதும், ஜன்னலுக்கு ஒரு தட்டுப் போதும். இதற்கு மட்டும் மூன்று தரம் தட்டியிருக்கிறார். சுத்தியல் விழுந்தது விழுந்ததுதான் என்று சொல்லியிருக்கிறார். அதற்கு மேல் தெளிவாக ஒரு மனுஷன் எப்படிச் சொல்ல முடியும்? தட்டிவிட்டுத் திரையைப் பார்க்காமல் உன்னையே பார்ப்பார் என்று நீதானே எழுதினாய்? தான் அடித்த சுத்தியல் ஒவ்வொரு தடவையும் அணைந்துபோவதை அவர் பார்த்திருக்கவே மாட்டார்.

ஒரு சொட்டு சிந்தாமல் குடித்தார் என்று எழுதியிருந்தாய். அதையும் இப்போதுதான் எடுத்துப் படித்தேன். அது நடுங்குகிற கை இல்லை. பரவாயில்லை, விடு.

பக்கத்தை மாற்றிவிட்டேன். பொத்தானிலிருந்து கையை எடுக்கிற ஒவ்வொரு தடவையையும் எண்ணினால் இரண்டு பிரவுசரும் ஒன்றாகச் சொல்கின்றன. அதைத்தான் எண்ணுகிறேன். இனி மூன்று தட்டினால் எரியும், அணையவே அணையாது. டாக்டரிடம் காட்டு. இன்றே காட்டு. போனை எடு அக்கா.

தம்பி

*

ஏப்ரல் 14

அன்புத் தம்பிக்கு,

நீ நலமாக இருக்கிறாயா? நாங்கள் வீட்டுக்கு வந்துவிட்டோம். ஆஸ்பத்திரியில் கம்ப்யூட்டரைப் பார்க்க முடியவில்லை, போனையும் அணைத்து வைத்திருந்தேன். உன் கடிதத்தை நேற்றுதான் படித்தேன்.

ஆபரேஷன் மார்ச் பதினெட்டாம் தேதியே முடிந்துவிட்டது. திடீரென்று நாள் கொடுத்தார்கள், உனக்கு எழுத நேரம் இருக்கவில்லை. முந்தின நாள் டாக்டர், "வீட்ல பாத்தீங்களா, என்ன சொல்றார்?" என்று கேட்டார். "என் தம்பி இந்த வேலைதான் பண்றான், அவன் பாத்துட்டான், வீட்ல வர்றதுதான் சரின்னு எழுதிட்டான்" என்று சொன்னேன். நீ 'இருக்கலாம்' என்று எழுதியிருந்தாய். நான் அந்த 'லாம்'-ஐச் சொல்லவில்லை. காகிதத்தை நீட்டினார்கள். போட்டேன்.

தையல் ஆறிவிட்டது. சாப்பிடுகிறார், நான் ஊட்டுகிறேன். இடது கை போய்விட்டது. மடியில் எடுத்து வைத்தால் வைத்த இடத்தில் இருக்கிறது. நீ செய்து கொடுத்த பக்கத்தைத் திறந்து பார்த்தேன். 'வேண்டாம்' கட்டத்தை நானே மூன்று தடவை தட்டினேன். எரிந்தது, அணையவே இல்லை. நன்றாகச் செய்திருக்கிறாய். மவுஸைக் கழற்றி வைத்துவிட்டேன், வயர் அவர் காலில் மாட்டுகிறது.

உன்மேல் எந்தத் தப்பும் இல்லை. தும்பை விட்டு வாலைப் பிடித்தோம் என்று நீ உட்கார்ந்து அழாதே. வேளைக்குச் சாப்பிடு.

டாக்டர் சொன்ன மாதிரிப் பேச்சு கொஞ்சம் வந்திருக்கிறது. தண்ணீர், வலி, என் பெயர், அதெல்லாம் வரவில்லை. அவர் குரல்தான், கொஞ்சம் கம்மியிருக்கிறது. முதல் தடவை கேட்டபோது நான் பாத்திரத்தைக் கீழே போட்டுவிட்டேன். காலையில் கட்டிலில் சாய்த்து உட்காரவைத்ததும் என் முகத்தைப் பார்த்து, "ஒரு தரம்" என்கிறார். கொஞ்ச நேரம் கழித்து, "ரெண்டு தரம்". அதோடு நின்றுவிடுகிறது. வாயைத் திறந்து, மூடி, திறந்து, என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறார். மத்தியானம் மறுபடி ஒரு தரம், ரெண்டு தரம். சாயங்காலமும்.

பேச்சுப் பயிற்சி அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். வருஷக்கணக்காகச் சொன்ன வரிசை என்பதால் அதுதான் முதலில் வந்திருக்கிறதாம். "மூணாவதை நீங்க எடுத்துக் கொடுங்கம்மா. நீங்க சொன்னா அவரும் கூடச் சொல்லிடுவார். உங்க முகத்தைத்தானே பாக்கறார்" என்கிறார்.

எனக்கு வாய் வரவில்லை, தம்பி. விடுப்பு கிடைத்தால் வா. வந்து நீ அந்த மூன்றாவதைச் சொல்லிக் கொடு.

அக்கா